மாடித் தோட்டத்துக்கு மூலிகைக் கன்றுகளும் வேண்டும்

ஆசிரியருக்கு,

மாடித் தோட்டத் தளைகளைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்குவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள் எல்லாம் ஒன்றாகக் கிடைப்பது புதிதாகத் தொடங்குவோருக்குப் பெரிய உதவி. ஆனால் தக்காளியும் கத்தரியும் சில மாதங்களில் ஓய்ந்துவிடுகின்றன. சித்திரை வெயிலில் பைகள் காய்ந்து கிடக்க, பலர் தோட்டத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் நிற்கும் மூலிகைகளே வீட்டுத் தோட்டத்தைத் தாங்கும். எங்கள் மாடியில் பழைய பெயிண்ட் வாளியில் ஒடித்து நட்ட கற்பூரவல்லி ஐந்தாவது ஆண்டாகத் தழைத்து நிற்கிறது. பக்கத்தில் தூதுவளை, முள்ளும் ஊதாப் பூவுமாகக் கைப்பிடிச் சுவரில் படர்ந்திருக்கிறது. ஐப்பசி மழையில் பேரப்பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் அதன் இலைதான் அன்றைக்கு ரசம்.

இவற்றுக்கு விலை கூட இல்லை, ஒரு கிளை போதும். அதைத் தர ஆள்தான் வேண்டும். 1999-இல் எங்கள் மதுரை அண்ணா நகரில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய உழவர் சந்தைகளில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்றுகளையும் விதைகளையும் மக்கள் மாற்றிக்கொள்ள ஓர் இடம் ஒதுக்கலாம். செடிகளை அடையாளம் காட்டத் துறை அலுவலர் ஒருவர் உடனிருப்பது மிக அவசியம். இலைக்கு அடியில் வரிசையாகக் காய்ப்பதுதான் கீழாநெல்லி என்பதையே அறியாமல் வேறு செடியைப் பறித்து வருவோர் இன்று ஏராளம்.

- வாசகர், மதுரை