வெயில் கூரை மேலும்தான் அடிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

சோலார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளைநிலத்தில் சோலார் பேனல் போடுவதைப் பற்றி வாயைத் திறந்தாலே நம்மை நிலக்கரிக் கட்சியில் சேர்த்துவிடுகிறார்கள். தரையில் நிறுவினால் ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4, 5 ஏக்கர் போய்விடும். வெயில் கூரை மேலும் அடிக்கிறது, கிடங்கு மேலும் அடிக்கிறது, ஆனால் கம்பெனிகள் தேடி வருவது வயலைத்தான். சமதளம், பக்கத்தில் துணை மின்நிலையம், நாலு பேரிடம் பேசினால் வேலை முடிந்தது. கூரை என்றால் ஆயிரம் பேரிடம் அலைய வேண்டும். பிரான்ஸ் அந்த அலைச்சலைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது, 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வாகன நிறுத்தங்களில் பாதிக்காவது சோலார் கூரை வேண்டும் என்று 2023-ல்.

சரி, தரிசில் போடலாமே என்பார்கள். எனக்கு உறுத்துவதே இந்த வார்த்தைதான். ஏட்டில் தரிசு என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் ஆடுமாடு மேய்கிறது, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது, சில பறவைகள் புல்லுக்குள் தரையிலேயே முட்டையிடுகின்றன. உழவில்லை என்றால் உபயோகமே இல்லை என்று யார் முடிவு செய்தது? நிலத்துக்காரருக்காவது வருஷா வருஷம் வாடகை வரும். மேய்ப்பவரும், வயலாக இருந்தால் குத்தகைக்கு உழுதவரும் களையெடுத்தவரும், வேலி போட்ட அன்றே வெளியே, அவர்களுக்கு எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி கிடையாது.

பயிரும் பேனலும் ஒரே நிலத்தில் இருக்க முடியும். உயரமாக, இடைவெளி விட்டு நிறுத்தினால் கீழே விவசாயம் நடக்கும் என்று 1982-லேயே ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். கீரையும் கிழங்கும் ஓரளவு நிழலைத் தாங்கும், மக்காச்சோளம் தாங்காது. டிராக்டர் நுழையும் உயரத்துக்கு இரும்பு அதிகம் பிடிக்கும், செலவு கூடும், அதனால்தான் கம்பெனிகள் தயங்குகின்றன. ஜப்பான் இதை 2013-ல் அனுமதித்தபோது, விளைச்சல் அக்கம்பக்கத்து வயல்களைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்றது. அப்படி ஒரு அளவுகோல் இல்லாவிட்டால் நாலு செடியை நட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்புறம் ஒன்று. 25, 30 வருஷம் கழித்து பேனலைக் கழற்றி, கான்கிரீட்டைத் தோண்டியெடுத்து, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க ஆகும் பணத்தை வேலி போடும் முன்பே வைப்புத்தொகையாக வாங்கிவிட வேண்டும். அன்றைக்கு அந்தக் கம்பெனி இருக்குமோ இருக்காதோ.

இப்படிக்கு,
ஒரு வாசகர்