சாலையோர நடுகல்லைப் படம் எடுப்பவர்கள் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். செங்கம் பக்கம் (1989 வரை நம் வட ஆற்காட்டில்தான் இருந்தது) நடுகல் (மாண்ட வீரனின் நினைவாக நட்ட கல்) பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தடவாதீர்கள். சாக்பீஸில் எழுத்தை நிரப்பினால் படத்தில் பதிவது கல்லின் எழுத்தல்ல, உங்கள் ஊகம். எண்ணெயில் தூசி ஒட்டிக் கெட்டியாகி, பொறிப்பையே அடைத்துவிடும்.

வெறும் தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. காலை 7 மணி வாக்கில், வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். உச்சி வெயிலில் பள்ளத்தில் நிழல் விழாது, எழுத்தும் தெரியாது. இரவென்றால் டார்ச்சைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கமும் மாற்றி மாற்றி எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள்.

கல்லில் இருப்பது பெரும்பாலும் வட்டெழுத்துதான் (தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து வகை). முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். பிறகு 'தொறு' என்ற சொல்லைத் தேடுங்கள், மாட்டு மந்தை என்று பொருள். அதை மீட்கப் போய் மாண்டவனுக்கு நட்டது 'பட்டான் கல்' (பட்டான் என்றால் மாண்டான்).

சாலை உயர உயரக் கடைசி வரி மண்ணுக்குள் போய்விடுகிறது. நீங்களாகத் தோண்டாதீர்கள். லொகேஷனோடு இங்கே போடுங்கள், தொல்லியல் துறைக்கு எழுதுவோம்.