தேர்தல் முடிந்து வீடு திரும்பும் துப்பாக்கிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிர்க்காவல் துப்பாக்கிகள் சமயத்தில் காலை வாருவது பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, பழியை முழுக்கத் தோட்டாவின் தலையில் போட்டுவிட்டது. உரிமம் பெற்றுத் துப்பாக்கி பழுதுபார்க்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் பட்டறைக்கு வரும் 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல்களில் பல, தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கிகள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவற்றுக்குக் காவல் வேலைதான். தேர்தல் வந்தால் அவை காவல் நிலையத்துக்குப் போய்விடும். 2024இல் தேர்தல் நடத்தை விதிகள் மார்ச் 16 அன்று தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நீடித்தன. அத்தனை நாளும் துடைப்பாரில்லாமல் சாய்ந்து கிடந்தால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

வெடிக்காத தோட்டாவின் அடியில், துப்பாக்கியின் ஊசி குத்தித் தீமூட்டும் கேப்பைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஊசி ஆழமாகக் குத்தியும் வெடிக்கவில்லையென்றால் தோட்டாவைச் சந்தேகிக்கலாம். ஈரமோ எண்ணெயோ கேப்புக்குள் இறங்கியிருக்கும். வெறும் கீறல் போல மேலாகப் பட்டிருந்தால் கோளாறு துப்பாக்கியில்: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஊசி முனை மழுங்கியிருக்கும், அல்லது பழைய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகிச் சுத்தியலின் வேகத்தைக் குறைத்திருக்கும். நான் அதிகம் பார்ப்பது இந்தக் கடைசி ரகம். நல்லது செய்வதாக நினைத்து எண்ணெயைக் கொட்டுகிறார்கள், பாவம்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. தாமதித்து வெடிப்பதும் உண்டு. குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். ‘புஸ்’ என்று சத்தம் சன்னமாக வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. தோட்டாக்களை எடுத்துவிட்டு, உள்ளே அடைப்பு நிற்கிறதா என்று பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

அப்புறம், காலித் தோட்டா சிக்கிக்கொள்வது. குழலில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் துரு அரித்த குழிகள் இருந்தால், வெடிக்கும்போது விரியும் தோட்டா அவற்றில் அப்பிக்கொள்ளும். காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பை விட்டு வழுக்கிவிடும். இதற்குத் தோட்டாவை மாற்றிப் பயனில்லை, சேம்பரை மெருகேற்ற வேண்டும். கட்டுரையாளர் தொடாத இன்னொன்று, பழைய துப்பாக்கிகள் பலவற்றில் சேம்பர் 65 மில்லிமீட்டர்தான் என்பது. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை 70. அந்த 70 சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் குட்டையாக இருப்பதால் பழைய சேம்பருக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். காலித் தோட்டா கத்தி வைத்து நெம்பும் அளவுக்கு இறுகினால், அது எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு சேம்பரை அளக்கக் கொடுங்கள்.

காவல்துறைக்கு ஒரு வேண்டுகோள். மெல்லிய எண்ணெய் பூசி, உறையில் இட்டுக் கொண்டுவரும் துப்பாக்கியை அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை உரிமையாளர் வந்து, உங்கள் கண்முன்னே துடைத்துவிட்டுப் போக அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை மாவட்டம்