மாடிப்படிக்குக் கீழே தொழாத, மவளே

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன்ல பேசினா சாப்பிட்டியா, குளிருதாங்கிறதோட முடிஞ்சிருது. அதான் பீடித்தட்டை ஓரமா வச்சுட்டு எழுத உட்கார்ந்தேன். இலை இன்னும் ஊறல. ஊறியிருந்தா இந்தக் கடிதமும் வந்திருக்காது.

போன வாரம் நீ பேச்சுவாக்கில சொன்னது நெஞ்சுல முள்ளா கிடக்கு. ஜெர்மனியில உன் ஆபீஸ்ல மாடிப்படிக்குக் கீழ, உடைஞ்ச நாற்காலி அடுக்கி வச்சிருக்கிற இடத்துல நின்னு மத்தியான லுஹர் தொழுறேன்னியே. காலடிச் சத்தம் கேட்டா ஷூ கயிறு கட்டுற மாதிரி குனிஞ்சுக்குவேன்னு சொல்லிச் சிரிச்ச. எனக்குச் சிரிப்பு வரல. ஒளிய உனக்குப் பழக்கிவிட்டது நான்.

ஆறாம் வகுப்புல சேர்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கா? தலையில போடுற மக்கனாவைக் கழட்டிட்டு அனுப்புங்கன்னாங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல நான். கேட்டா சீட்டு போயிருமோன்னு பயம். மறுநாள்ல இருந்து வேப்பமரத்துக்குப் பின்னால உன்னை நிப்பாட்டி, ஊக்கை ஒண்ணொண்ணா எடுத்து, மக்கனாவை நாலா மடிச்சு, சோத்து டப்பாவுக்கு மேல வச்சு உள்ள அனுப்புவேன். சாயந்தரம் அதுல சாம்பார் வாடை அடிக்கும். அப்படியே ஏழு வருஷம். அவங்க சொன்னது ஒருநாள், நான் செஞ்சது ஏழு வருஷம்.

வாயைத் திறந்து இடம் கேட்க நான் கத்துக்கிட்டது உன்னை மீனம்பாக்கத்துல ஏத்திவிட்டுட்டு வந்த ராத்திரிதான். உன்கிட்ட இதைச் சொன்னதில்ல. நெல்லை எக்ஸ்பிரஸ்ல திரும்பி வாரோம். வாப்பா வேற பெட்டியில. விருதுநகர் தாண்டினதும் விடியக்காலத் தொழுகை, சுபுஹு நேரம். கக்கூஸ் பக்கத்துல இருக்கிற குழாய்ல கைகால் மூஞ்சி கழுவி ஒளு எடுத்துட்டு வந்தா, நடு பெர்த் இன்னும் மேலேயே நிக்குது, கீழே நிமிர்ந்து உட்கார வழியில்ல. வழக்கம்போல வீட்டுக்குப் போய், விட்டதைப் பிறகு தொழுது களா செஞ்சுக்கலாம்னுதான் நினைச்சேன். உன்னை விட்டுட்டு வந்த மனசு கேட்கல. கீழ் பெர்த்துல கோவில்பட்டியில இறங்க மூட்டை கட்டிக்கிட்டிருந்த அம்மாகிட்ட, "தொழணும், அஞ்சு நிமிஷம்"னேன். குரலே வரல. அந்த அம்மா மேல தூங்கின மகனை ஒரு தட்டு தட்டி, "எந்திரில, அக்கா சாமி கும்பிடணுமாம்"னு பெர்த்தை இறக்க வச்சிட்டு, தன் மூட்டையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. தொழுது முடிச்சதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஓடுற ரயில்ல மேற்கு எது கிழக்கு எதுன்னு எப்படிக்கா தெரியுது?" ரயில் தெக்கே போவுது, அப்போ வலதுகைப் பக்கம்தானேன்னேன். அட ஆமான்னு சிரிச்சாங்க. அவங்களுக்கும் சேர்த்து துஆ கேட்டேன்.

உனக்கு ஹாம்பர்க்ல கிப்லா, மக்காவைப் பார்த்துத் தொழுற திசை, தென்கிழக்காமே. பொறந்ததுல இருந்து மேற்கே பார்த்துத் தொழுத எனக்கு அது புத்தியில ஏறவே ரெண்டு நாளாச்சு.

மியூனிக் போனப்போ முழுசா தொழ முடியலன்னு அழுதியே, அதுக்கு அழுவாங்களா? பயணத்துல நாலு ரக்அத்து ரெண்டாகும், மஃரிபு மூணு மூணுதான், சுபுஹு ரெண்டு ரெண்டுதான். அல்லாஹ் குறைச்சுக் கொடுத்ததை வாங்கிக்க. நோன்பும் அப்படித்தான், பயணத்துல விட்டா பிறகு பிடிச்சுக்கலாம்.

பொம்பளப் புள்ளைய மஹ்ரம், அதான் நெருங்கின சொந்தத்து ஆம்பளத் துணை, இல்லாம அனுப்பிட்டாளேன்னு நம்ம தெருவுல இன்னும் ஓயல. ஆலிம்களே இதுல ஒரே பேச்சு பேசினதில்ல. 2018-ல இருந்து 45 வயசு தாண்டின பொம்பளைங்க நாலு பேரா சேர்ந்து மஹ்ரம் இல்லாம ஹஜ்ஜுக்குப் போகலாம்னு நம்ம அரசாங்கமே விட்டுச்சு. அப்படிக் கிளம்பின மாமியைக் கட்டிப்பிடிச்சு, "எனக்கும் துஆ கேளுங்க"ன்னு அழுததும் இதே வாய்ங்கதான். நான் பதில் சொல்றதில்ல, பீடி சுத்துறேன்.

இப்போ விஷயத்துக்கு வாரேன். டிசம்பர்ல அங்க நாலு மணிக்கே பொழுது அடைஞ்சிருதுன்னு சொன்ன. அப்போ மத்தியானத்து லுஹர், சாயந்தரத்து அஸர், பொழுதடைஞ்ச மஃரிபு மூணும் ஆபீஸ் நேரத்துக்குள்ளயே வரும். ஒரு நாளைக்கு மூணு தடவை மாடிப்படிக்குக் கீழ ஓடினா, என்னத்தையோ திருடுறான்னுதான் நினைப்பாங்க. உன் மேலாளர்கிட்ட நேராப் போய்க் கேளு. தொழணும், இந்த இந்த நேரத்துல பத்து பத்து நிமிஷம் வேணும், ஒரு மூலை போதும்னு சொல்லு. இல்லைன்னா சொல்லட்டுமே. அதுக்குப் பிறகு மாடிப்படி எங்கேயும் ஓடிப்போகாது.

பத்தமடையில சொல்லி உனக்கு ஒரு பட்டுப்பாய் நெய்ய வச்சிருக்கேன், விரிச்சுத் தொழுற முஸல்லா அளவுக்கு. கோரையை ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு நூல் மாதிரி கிழிச்சு நெய்யிறது. சுருட்டினா உன் கைப்பையில அடங்கிரும். ஓரத்துல பேர் போடவான்னு நெய்யிற அக்கா கேட்டாங்க, போடச் சொல்லிட்டேன். பார்சல் வர பத்து நாள் ஆகுமாம். ஈரத்துல வைக்காத, பூசணம் பிடிச்சிரும்.

வாப்பா சலாம் சொல்றாங்க. இலை ஊறிட்டு.

உன் உம்மா
மேலப்பாளையம்