மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டுங்கள்: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை மாலை பி பிளாக் சின்ன லிஃப்டில் என்ன நடந்தது என்பது உங்கள் மூவருக்கும் தெரியும். செயலாளர் அன்றிரவே வீட்டுக்கு வந்து விசாரித்தார், நன்றி. ஆங்கிலத்தில் ஒரு மனுவும் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பெங்களூரு ராமமூர்த்தி நகர்ப் பக்கத்தில் இருக்கும் நம் குடியிருப்பில் பாதி வீடு தமிழ் வீடு. பகல் நேரத்தில் அந்த லிஃப்டில் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

மழை பிடித்ததுமே கரெண்ட் போய்விட்டது. பெரிய லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டு, சின்ன லிஃப்டுக்குக் கிடையாது. அதற்கு ஏஆர்டி என்ற தானியங்கி மீட்புக் கருவி போதும் என்று அன்றைய நிர்வாகம் முடிவு செய்தது. கரெண்ட் போனால் பேட்டரியில் ஓடி, பக்கத்துத் தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் ஏஆர்டியின் ஒரே வேலை. வியாழக்கிழமை அது அந்த வேலையைச் செய்யவில்லை. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. உள்ளே என் மனைவி, எதிர்வீட்டு மருமகள், தண்ணீர் கேன் போடும் பையன் என்று மூன்று பேர்.

42 நிமிடம் உள்ளே இருந்தார்கள். முதல் ஐந்தாறு நிமிடம் உள்ளே அவசர விளக்கு எரிந்தது, பிறகு அதுவும் அணைந்தது. அலாரம் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. இன்டர்காமை எடுத்தால் செக்யூரிட்டி அறையில் மணி அடிக்கவே இல்லை. நான் மூன்றாம் தளத்தில் தரையோடு படுத்துக் கதவிடுக்கில் செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது லிஃப்டின் கூரையும் அதன்மேல் படிந்த எண்ணெய்த் தூசியும்தான். கீழேயிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "ஏங்க, இருக்கீங்களா?" இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அதையே கேட்டார். இருக்கேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மூட்டு மாற்று அறுவை முடிந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அவரால் நெடுநேரம் நிற்க முடியாது. அந்தப் பையன் ஒரு கேனைக் கீழே வைத்து, "இதுல உக்காருங்கம்மா" என்று அவரை உட்காரவைத்திருக்கிறான். அவனை நான் மறக்க மாட்டேன்.

வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி காவலாளியிடம் இல்லை. அது மெக்கானிக்கின் பையில் இருந்தது, மெக்கானிக்கோ ஹொசகோட்டை ரோட்டில் மழையில் மாட்டியிருந்தார். காவலாளி அஸ்ஸாமிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன பையன். அவனை யாரும் திட்ட வேண்டாம், யாரும் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக்கோடு மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் சர்வீஸ் அட்டை தொங்கியது. சம்பவத்துக்குப் பதினோரு நாள் முன்பு தேதி போட்டு, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக். ஏஆர்டி என்ற வரிக்கு எதிரேயும் டிக். எப்படித் தம்பி பரிசோதித்தீர்கள் என்று கேட்டேன். "பட்டன அமுக்குனா பச்சை லைட் எரியுது சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பச்சை விளக்கு எரியத்தான் செய்தது. நான் பார்க்கும்போதும் எரிந்தது.

பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரியில் வோல்டேஜ் இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே வரிசையாக நான்கு 12 வோல்ட் பேட்டரி. சும்மா இருக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் செத்த பேட்டரிகூட 12-க்கு மேல் காட்டும். மோட்டாரின் சுமை ஏறியதும் படுத்துவிடும். மொட்டைமாடி அறைச் சூட்டில் இந்தப் பேட்டரிகள் இன்னும் சீக்கிரம் தளர்ந்துபோகும். அவற்றின் மேல் பொருத்திய தேதி எழுதப்படவில்லை. எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. லிஃப்டின் மறுபக்கம் எதிர் எடை ஒன்று தொங்குகிறது. பெட்டியின் எடையோடு, அது ஏற்றக்கூடிய சுமையில் ஏறத்தாழ பாதியையும் சேர்த்து அதற்கு எடை வைப்பார்கள். காலிப் பெட்டி என்றால் எதிர் எடை கனம், பெட்டியை அது மேலே இழுக்கும். ஆள் நிறைந்திருந்தால் பெட்டி கனம், கீழே இறங்கும். பாதிச் சுமை என்றால் இரண்டு பக்கமும் சமம், தராசு முள் நடுவில் நிற்பதுபோல நின்றுவிடும். நம் லிஃப்டின் பலகையில் 6 பேர், 408 கிலோ என்று இருக்கிறது. வியாழக்கிழமை மூன்று பேர், கூடவே 20 லிட்டர் கேன் இரண்டு. கூட்டிப் பாருங்கள், 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். அன்று மெக்கானிக் பிரேக்கை விடுவித்தும் பெட்டி அசையவில்லை, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இறக்கினார். செத்த பேட்டரி எங்கிருந்து இழுக்கும்? காலி லிஃப்டை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு வேலை செய்கிறது என்று எழுதினால் அது அரைச் சோதனை.

நான் விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல்-லில் 33 வருடம் வேலை பார்த்தவன், அதில் பெரும்பகுதி தரப் பரிசோதனையில். அங்கே ஒவ்வொரு பரிசோதகருக்கும் எண் போட்ட தனி முத்திரை உண்டு. ஒரு தாளில் முத்திரை குத்தினால், இதை இன்ன கருவியால், இன்ன நிலையில் அளந்தேன், இன்ன அளவு வந்தது என்று பொருள். பத்து வருடம் கழித்தும் அந்த எண்ணை வைத்து ஆளைக் கேட்கலாம். சரியாக இருக்கிறது என்று மட்டும் எழுதிய தாளை என் மேலதிகாரி திருப்பி வீசிவிடுவார். எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருந்தது, இரண்டு எண்ணும் வேண்டும்.

1854-இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்ன செய்தார்? தான் கண்டுபிடித்த பாதுகாப்புப் பிடியைக் காட்ட, தூக்கு மேடையில் தானே ஏறி நின்று, அதைத் தாங்கிய கயிற்றைக் கூட்டத்தின் முன்னால் வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. லிஃப்டை உலகம் நம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நான் கயிற்றை வெட்டச் சொல்லவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டுங்கள் என்கிறேன்.

கோபம் எனக்கு லிஃப்டின் மேல் மட்டும் இல்லை. நம் மாடிப்படி ஓரத்துத் தீயணைப்பு சிலிண்டர்களில் அட்டை மட்டும் வருடா வருடம் புதிதாக மாறுகிறது. அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று அட்டை மாட்டுகிறவர் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி சுவரில் இருக்கிறது, கழுவிய அன்று தொட்டிக்குள் யார் எட்டிப் பார்த்தார்கள்? குஜராத்தின் மோர்பி ஞாபகம் இருக்கிறதா? 2022 அக்டோபர் 30. பழுதுபார்த்துத் திறந்து ஒரு வாரம்கூட ஆகாத தொங்கு பாலம் அறுந்து 130 பேருக்கு மேல் ஆற்றில் செத்துப்போனார்கள். தகுதிச் சான்று வாங்காமலே திறந்துவிட்டார்கள் என்று நகராட்சி அதிகாரியே பிறகு சொன்னார். அத்தனை பேர் போன பிறகும் நாம் டிக் அடித்த தாளை ஃபைலில் போட்டு மூடிவைக்கிறோம்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். லிஃப்டுக்கு வருகிறேன்.

லிஃப்ட் வாங்கியபோது போட்ட ஒப்பந்தத்தின் இணைப்பில் ஏஆர்டி என்ன செய்ய வேண்டும், அவசர விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும், அலாரம் எங்கே கேட்க வேண்டும் என்று வரிவரியாக இருக்கிறது. தயவுசெய்து அந்தத் தாளை எடுங்கள். ஒவ்வொரு வரியையும், குடியிருப்பவர்கள் நாலு பேர் பக்கத்தில் நிற்க, செய்து பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் ஓடும்போது மெயின் சுவிட்சை அணைக்கட்டும். காலியாக ஒரு தரம், பாதிச் சுமையில் ஒரு தரம், முழு 408 கிலோவில் ஒரு தரம். எத்தனை விநாடியில் கதவு திறந்தது என்று எழுதட்டும். சுமைக்கு ஆள் வேண்டாம், மணல் மூட்டை போதும். எடை போட்டுக் கட்டித் தருவது என் பொறுப்பு. வேகம் மீறினால் பிடிக்கும் கவர்னரையும் பாதுகாப்புப் பிடியையும் நாம் தொடக் கூடாது, அது நிறுவனத்தின் தேர்ந்த ஆட்களின் வேலை. ஆனால் அவர்கள் அளந்த எண்கள் நமக்குத் தாளில் வர வேண்டும். அப்புறம் அந்த முக்கோணச் சாவியின் நகல் ஒன்று செக்யூரிட்டி அறையில் இருக்கட்டும், எப்போது அதைத் தொடலாம், எப்போது கூடாது என்று அந்தப் பையனுக்கு அவன் பாஷையில் யாராவது சொல்லிக்கொடுக்கட்டும்.

பேட்டரியை மாற்றிவிட்டோம் என்று நேற்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டீர்கள். நல்லது. புது பேட்டரியும் எனக்குப் பச்சை விளக்குதான். அணைத்துக் காட்டும்வரை நான் நம்ப மாட்டேன்.

என் மனைவி அன்றிலிருந்து நான்கு மாடியும் படியில்தான் ஏறுகிறார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். பெரிய லிஃப்டில் வாங்களேன் என்றால் வேண்டாம் என்கிறார்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மூட்டைகளோடு பி பிளாக் கீழ்த்தளத்தில் இருப்பேன். மெக்கானிக்கை வரச்சொல்லி நீங்களும் வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு தோதுப்படாது என்றால் தேதியை நீங்களே சொல்லுங்கள், ஆனால் இந்த மாதத்துக்குள்.

இப்படிக்கு,
பி பிளாக் நான்காம் தளத்துக் குடியிருப்பாளர்