ஓகே சொன்ன ஓவல் கல்லை மாத்திட்டீங்க – நிச்சயத்துக்கு முன்னாடி சரி பண்ணிக் குடுங்க

வணக்கம் சார், மேடம்,

குன்னூர்லருந்து எழுதுறேன். போன மாசம் உங்க கோயமுத்தூர் ஷோரூம்ல நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஆர்டர் குடுத்தேன், 18 கேரட் தங்கத்துல 70 சென்ட் (0.70 கேரட் எடை) ஓவல் வைரம், எல்லாம் சேத்து 1,86,000 ரூபாய், முழுசா கட்டியாச்சு. போன வியாழக்கிழமை மோதிரம் கைக்கு வந்துச்சு. அதுல இருக்கறது நான் பாத்து ஓகே சொன்ன கல் இல்ல. அஞ்சு நாளா போன் பண்றேன், ஒவ்வொரு தடவையும் வேற ஆள் எடுக்கறாங்க, எல்லாரும் "70 சென்ட் கேட்டீங்க, 70 சென்ட் இருக்குல்ல சார்"னு அதையேதான் சொல்றாங்க, அதனால எழுத்துல குடுக்கறேன்.

இந்த ஷேப்புக்கு நாங்க சும்மா வரல. நான் கட்டிக்கப் போற பொண்ணு கோத்தகிரி, அவங்களுக்கு விரல் கொஞ்சம் குட்டை, ரவுண்ட் கல் வெச்சா இன்னும் குட்டையா தெரியுது, நீளவாக்குல கல் இருந்தா விரல் நீண்ட மாதிரி இருக்கும்னு உங்க ஷோரூம் பொண்ணுதான் பொறுமையா ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனாங்க. மார்க்கீஸ் அழகாத்தான் இருந்துச்சு, நெல்லு மாதிரி ரெண்டு பக்கமும் கூரா, ஆனா மலையில வருஷத்துல பாதி நாள் ஸ்வெட்டர் போடுறவங்க நாங்க, கூர் முனையில கம்பளி நூல் மாட்டும், முனையை மூடி வி மாதிரி கொக்கி போடலைன்னா இடிபட்டு உடையவும் செய்யும். பேரிக்காய் மாதிரி இருக்கற பேர் ஷேப்புக்கும் ஒரு முனை கூருதான். எமரால்டு கட்னு நீள்சதுரமா வெட்டுன வைரத்துல பட்டை எல்லாம் படிக்கட்டு மாதிரி பெருசா இருக்கறதால உள்ள சின்னப் புள்ளி இருந்தாலும் பளிச்சுன்னு தெரியும், அதுக்கு இன்னும் உசத்தி கிளாரிட்டி வாங்கணும், நம்ம கையில அவ்வளவு இல்ல. அப்படித்தான் ஓவலுக்கு வந்தோம்.

ஓவல்லயும் எல்லாம் ஒண்ணு இல்ல, நீளத்தை அகலத்தால வகுத்தா வர்ற ரேஷியோதான் எல்லாமே, 1.30ன்னா குண்டு முட்டை, 1.50 தாண்டுனா ஒல்லி, நாங்க ரெண்டு பேரும் வெள்ளைப் பேப்பர்ல அந்தந்த அளவுக்கு வரைஞ்சு கத்தரிச்சு அவங்க விரல் மேல ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்துத்தான் 1.45ன்னு முடிவு பண்ணோம். ஒரு நாள் சாயந்திரம் முழுக்க அதுக்கே போச்சு. அதுக்கப்புறம் நீங்க வாட்ஸ்அப்ல வீடியோவும் சர்டிபிகேட்டும் அனுப்புன கல் நீளம் 7.20, அகலம் 4.95, ஆழம் 3.10 மில்லிமீட்டர், சரியா 1.45 வருது. ஓகேன்னு எழுதி அனுப்பிட்டுத்தான் பணம் கட்டுனேன்.

இப்ப மோதிரத்தோட வந்த சர்டிபிகேட்ல நம்பரே வேற. நீளம் 6.55, அகலம் 5.04, ஆழம் 3.40. ரேஷியோ 1.30. நான் தேயிலை ஃபேக்டரியில ஃபிட்டர், வொர்க்‌ஷாப் வெர்னியர்ல நானே வெச்சு அளந்தேன், அதே அளவுதான் வருது. எங்க ஊர் பத்தர்கிட்ட குடுத்து லென்ஸ்ல கல்லோட இடுப்புல, அதாவது சுத்து விளிம்புல, லேசர்ல பொறிச்ச நம்பரையும் படிக்கச் சொன்னேன், புது சர்டிபிகேட் நம்பர்தான் இருக்கு. எடை ரெண்டுக்கும் ஒண்ணுதான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா இந்தக் கல்லுல அந்த எடை அடியில ஆழமாப் போய் உக்காந்துருக்கு, மேல பாக்கறப்ப கல் சின்னதாவும் குண்டாவும் தெரியுது. எடை வெச்சா நாங்க தேர்ந்தெடுத்தோம்?

இதை விட மனசு கஷ்டமானது அந்தக் கருப்பு. காலையில மூடுபனி விலகுன பிறகு ஜன்னல் பக்கத்துல வெச்சுப் பாத்தா கல்லோட நடுவுல குறுக்க கருப்பா ஒரு வண்ணத்துப்பூச்சி ரெக்கை விரிச்ச மாதிரி நிக்குது, கையைத் திருப்புனாலும் போக மாட்டேங்குது. இதை "போ டை" (bow tie)ன்னு சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும், பாக்கறவங்க தலை மறைக்கறதால நடுப் பட்டைங்களுக்கு வெளிச்சம் வராம அப்படி தெரியும், ஓவல்னா லேசா இருக்கத்தான் செய்யும், அதையும் ஒத்துக்கறேன். ஆனா இது லேசா இல்ல. வீடியோல காட்டுன கல்லுல இப்படி இல்லவே இல்ல. இதைச் சொன்னா உங்க ஆள் "சர்டிபிகேட்ல எக்ஸலன்ட்னு போட்டுருக்கே சார்"ங்கறார். அந்த எக்ஸலன்ட் பாலிஷுக்கும் சிமெட்ரிக்கும் போட்டது. வைரத்தைச் சோதிச்சு தரம் போடற ஜிஐஏ லேப் சர்டிபிகேட்ல கட் கிரேடு ரவுண்ட் பிரில்லியன்ட்டுக்குத்தான் வரும், ஓவலுக்கு அந்த வரியே கிடையாது, அதனாலதான் ஓவலைக் கண்ணால பாத்து வாங்கணும், நாங்களும் பாத்துத்தான் வாங்குனோம்.

நல்லதையும் சொல்லிடறேன். தங்கத்துல குறை இல்ல, 750 முத்திரை இருக்கு, ஹால்மார்க்கோட வர்ற ஹெச்யூஐடி நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாத்தேன், சரியா காட்டுது. கோயமுத்தூர் வெயில்ல எடுத்த விரல் அளவு மலைக்குளிர்ல லூசாகும்னு சொன்னேன், அதுக்கேத்த மாதிரி நான் சொன்ன அளவுலயே பண்ணிக் குடுத்தீங்க. மோதிரம் செஞ்ச கையில தப்பே இல்ல, கல்லை மாத்துனவங்க யாருன்னு மட்டும்தான் கேக்கறேன், ஒரு வார்த்தை கேட்டுருந்தா வேற கல் பாத்துருப்போம்.

நிச்சயம் தை மாசம், இன்னும் 24 நாள்தான் இருக்கு. நான் ஓகே சொன்ன அதே கல்லை வெச்சுக் குடுங்க. அது வித்துப் போச்சுன்னா 1.43லருந்து 1.48க்குள்ள, நடுவுல இவ்வளவு கருப்பு இல்லாத கல், ஸ்பாட் லைட் இல்லாம பகல் வெளிச்சத்துல வீடியோ எடுத்து அனுப்புங்க, நாங்க ரெண்டு பேரும் பாத்து சரின்னு சொன்ன பிறகு பதிங்க. அதுவும் முடியாதுன்னா செய்கூலி, ஜிஎஸ்டி உட்பட 1,86,000 ரூபாயும் திருப்பித் தாங்க, எக்ஸ்சேஞ்ச்னு சொல்லி எதையும் கழிக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

7 நாளைக்குள்ள எழுத்துல பதில் வேணும். வரலைன்னா 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிவு பண்ணிட்டு ஊட்டியில இருக்கற நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுவேன், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். ரெண்டு சர்டிபிகேட், வாட்ஸ்அப் வீடியோ, பில், வெர்னியர்ல அளந்த போட்டோ, ஜன்னல் வெளிச்சத்துல எடுத்த போட்டோ எல்லாம் இதோட வெச்சுருக்கேன். மோதிரம் டப்பாவுலயே இருக்கு, அவங்க இன்னும் ஒரு தடவை கூட விரல்ல போடல.

இப்படிக்கு,
குன்னூர் வாடிக்கையாளர்