ஸ்கேன் மட்டும் போதாது

சிறுநீரக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, கல்லும் அடைப்பும் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பதெல்லாம் சரி. ஆனால் ஸ்கேன் காட்டுவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் உருவத்தைத்தான். அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அல்ல. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகும்போது தொடக்கத்தில் அதன் அளவு குறைவதில்லை. சிலருக்குச் சற்றுப் பெரிதாகக்கூட இருக்கும்.

சர்க்கரை நோயாளியான என் அண்ணனின் ஸ்கேன் அறிக்கையில் 'இயல்பு' என்றே இருந்தது. நிம்மதியாக இருந்துவிட்டோம். அப்புறம் வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில்தான் அல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் கசிவது, அதாவது சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருப்பது தெரிந்தது. அந்த ஒன்றரை ஆண்டுத் தாமதம் இன்றும் உறுத்துகிறது. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களின் ஸ்கேன் அறிக்கையில், 'சிறுநீர் அல்புமின், ரத்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பரிசோதனைகளும் தேவை' என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு வரி அச்சிட ஸ்கேன் மையங்கள் முன்வர வேண்டும்.